மூன்றாவது வளைவில் நடந்தது

பெர்ச் லேக், விஸ்கான்சின்
2003 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் டோரீனுக்கு,

நீயும் ஹெக்டரும் குட்டி டெஸ்ஸும் அந்த டூசான் வெயிலில் வாடிப்போகாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். டெஸ்ஸுக்கு டான்சில் எடுத்த புண் ஆறிவிட்டதா? ஐஸ்கிரீம் கொடுக்கிறேன் என்று சொல்லி மூன்று வேளையும் அதையே கொடுத்துவிடாதே. நான் உனக்கு அப்படித்தான் செய்தேன், அப்புறம் ஒரு மாதம் நீ சோற்றுத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே மழைக்குக் குறைவில்லை. மக்காச்சோளம் ஆளை மறைக்கிறது. என் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

கடிதம் எதற்கு, போன் பண்ணலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பெயரைச் சொன்னவுடன் உன் வீட்டு அடுப்பில் ஏதோ கருக ஆரம்பித்துவிடுகிறது. ஈஸ்டரில் இருந்து எத்தனை தடவை கருகிவிட்டது பார். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஆறிய பிறகு எடுத்துப் படி. ஆனால் கடைசி வரை படி.

சனிக்கிழமை கார்ப் பந்தயத் திடலில் உன் அப்பாவுக்கு நினைவு விழா நடந்தது. ஆம்ப்ரோஸ் சித்தப்பா இதற்குள் உனக்குப் போன் பண்ணியிருப்பான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அவன் பாதியில் எழுந்து போய்விட்டான், ஆகவே பாதிதான் சொல்லியிருப்பான். மீதியை என்னிடமிருந்து கேள்.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மேட்டில் உட்காரப் போட்ட பலகைகள் நிரம்பி, புல்லில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா வண்டி ஓட்டியதைப் பார்த்தே இராத பிள்ளைகள் எட்டாம் நம்பர் போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்கள். வாரம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன் ஏற்றிச் சீஸ் ஆலையில் இறக்குகிற ஒரு லாரிக்காரருக்கு இப்படி ஒரு பேர்! யார் யாரோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார்கள். உன் அப்பா நோர்ப் யெலினெக் ஓட்டுகிறார் என்பதற்காகப் பாதிரியார் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனம் கேட்பதை மதியத்துக்கே மாற்றிக்கொண்ட கதை. அவர் வண்டியிலிருந்து விழுந்த களிமண் கட்டியை முடிவெட்டுகிற ரே தன் கடை ஜன்னலில் வைத்திருந்த கதை. பழைய செடான் கார், உள்ளே சீட்டைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயால் கூடு கட்டியது, அதை அவர் வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டுக்கொண்டு வரும்போது ஒரு கையை ஜன்னல் வழியே நீட்டி ஜனங்களுக்கு ஆட்டுவாரே, அதை எல்லோரும் நடித்தே காட்டினார்கள்.

அவர் இருந்தால் கூட்டம் கைதட்டும். அதே கூட்டம் ஊளையிடுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஆர்விட் லுண்டே ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், டயர் கடைக்காரர், கறுப்பு வண்டி. சிரிக்கத் தெரியாத மனிதர். அவர் செய்த குற்றம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தடவை உன் அப்பாவை முந்தி ஜெயித்துவிட்டார் என்று, ஒன்பது வயசில் நீ ஓடிப்போய் அவர் காலில் உதைத்தாய். உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வந்தார்.

பிறகு, முப்பது வருஷத்துக்கு முந்தின அந்த ஜூலை மாதம். நீ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் மேலே பலகையில் இருந்தேன். மூன்றாவது வளைவில் திரும்ப வேண்டிய வெள்ளை வண்டி திரும்பாமல் நேரே கரையேறிப் பறந்து உருண்டது. கறுப்பு வண்டி பின்னால் ஒட்டி வந்ததை எல்லோரும் பார்த்தோம். இடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்று வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் பார்த்ததாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் அப்பாவைக் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லப்பா" என்றார். அதைப் பெருந்தன்மை என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவர் கால் கடைசி வரை நேராகவில்லை, திரும்ப வண்டியில் ஏறவும் இல்லை. லுண்டேயும் அதன் பிறகு நம் திடலுக்கு வரவில்லை. அவர் கடைக் கண்ணாடியை யாரோ இரண்டு தடவை உடைத்தார்கள். நம் ஊரிலிருந்து ஒருவரும் அங்கே டயர் வாங்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையில் நீ அவரைக் கொலைகாரன் என்று எழுதினாய். டீச்சர் அதற்கு நல்ல மார்க் போட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உன் அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில் நீ அங்கே புது வேலையில் இருந்தாய். முன்னறையில் கட்டில் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தோம். முதலில் அவருடைய சிநேகிதர்கள் கூட்டமாக வந்தார்கள். பிறகு ஒருவர் இருவராக. பிறகு சமைத்த பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போனார்கள். நான் குறை சொல்லவில்லை. அவர் மெலிந்து கிடப்பதைப் பார்க்க அவர்களால் முடியவில்லை, அவ்வளவு ஆசை அவர் மேல்.

அப்போது ஒரு நாள் பனிக்குள் ஆர்விட் லுண்டே வந்து நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "அவன்கிட்ட ஒரு விஷயம் பேசணும், விடுவீங்களா?" என்று கேட்டார். நான் விடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து உன் அப்பா, "யாரு, லுண்டேயா? செத்துட்டேனான்னு பாக்க வந்தியா? இன்னும் இல்லடா, உள்ள வா" என்று கத்தினார்.

லுண்டே கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னது ஒரே வாக்கியம். "நோர்ப், அன்னிக்கு நான் உன்னை இடிக்கல."

"இடிக்கலைன்னா நான் ஏன்டா பறந்தேன்? எனக்கு என்ன றெக்கையா முளைச்சுது?" என்று கேட்டு உன் அப்பா சிரித்தார் பார், எத்தனை நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது! அப்புறம் லுண்டே வாரா வாரம் வந்தார். உப்புக் குடுவையையும் மிளகுக் குடுவையையும் போர்வை மேல் வைத்து இரண்டு பேரும் அந்தச் சுற்றை ஓட்டுவார்கள். "நீ இங்க இருந்த." "பொய் சொல்லாத, நான் இங்க இருந்தேன்." மூச்சு முட்டும் வரை சண்டை. கிளம்பும்போது உன் அப்பா, "அடுத்த வாரம் வாடா, இன்னும் தீரல" என்பார். அந்த வாரக் கணக்கில்தான் அவர் பிப்ரவரி வரை இழுத்துக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். நீ வந்த வாரம் நான்தான் லுண்டேயை வர வேண்டாம் என்றேன். நீ துக்கத்தில் இருந்தாய். அவர் உடனே சரி என்றார். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டில், தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். விழாக் கமிட்டி உன் அப்பாவின் வண்டியைப் புதுப்பித்து வைக்கலாமா என்று கேட்டது. விபத்து நடந்த மறுநாளே ஆம்ப்ரோஸ் அதைத் தன் கொட்டகைக்கு இழுத்துப் போய்த் தார்ப்பாய் போட்டு மூடியவன், பிறகு அந்தப் பக்கமே பார்த்ததில்லை. அண்ணன் ரத்தம் பட்ட வண்டி. மே மாதம்தான் தார்ப்பாயை எடுத்தான். இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "அண்ணி, கொஞ்சம் வாங்க" என்றான். போனேன்.

கொட்டகையில் வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தான். என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "தடவிப் பாருங்க" என்றான். வண்டியின் பின்பம்பர் நெளிவு இல்லாமல் நேராக இருந்தது. கறுப்பு பெயிண்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. பக்கத் தகட்டிலும் இல்லை. பிறகு முன்பக்கம் குனிந்து, சக்கரத்தைத் திருப்புகிற இரும்புத் தண்டைக் காட்டினான். வெல்டிங் வைத்த இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"இது அண்ணன் வச்ச வெல்டிங், அண்ணி. வேற தண்டு வாங்கி மாட்டலாம்னு சொன்னேன். கேட்டாத்தானே" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். "முப்பது வருஷமா அந்த மனுஷன் எதிர்ல வந்தா நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கேன்."

எனக்கு விபத்து நடந்த அந்தச் சனிக்கிழமைக் காலை ஞாபகம் வந்தது. ஸ்டீயரிங் ஏதோ இழுக்கிறது என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் உன் அப்பா. கிளம்பும்போது கேட்டேன். "எல்லாம் சரி பண்ணிட்டேன் மார்சி, கல்லு மாதிரி இருக்கு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆம்ப்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "புதுத் தண்டு போட்டு, பெயிண்ட் அடிச்சு நிறுத்திடறேன். நமக்குள்ள இருக்கட்டும். அண்ணன் பேரு அண்ணன் பேராவே இருக்கட்டும், அண்ணி."

நான் நேரே ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆர்விட் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான், நான் கடைசியா வந்த அன்னிக்கு. உப்பு, மிளகு எல்லாத்தையும் ஓரமா தள்ளி வச்சுட்டு, 'நீ இடிக்கலடா. என் வெல்டிங்தான் விட்டுப்போச்சு. மார்சிகிட்ட கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாத்திச் சொல்றது?'ன்னான். அழுதான். நானும்தான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கல? உங்க கடைக் கண்ணாடியை உடைச்சாங்களே!" என்று கத்தினேன்.

"அவன் என்கிட்டதானே சொன்னான், மார்செல்லா? ஊர்கிட்ட சொல்லலையே" என்றார் ஆர்விட். "அவன் வாயால கேக்கணும்னுதான் பனியில வந்தேன். கேட்டாச்சு. போதும்னு இருந்துட்டேன்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் உன் அப்பாவை நன்றாகத் திட்டினேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவள் பூவோடு திரும்பிப் போய்விட்டாள். ஊர் தன்னை மறந்துவிடும் என்று அவர் பயந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். என்னிடம் சொன்ன ஒரு பொய்க்கு வெட்கப்பட்டு இன்னொரு மனிதனை ஊர் கடித்துக் குதற விட்டுவிட்டாரே! திட்டி முடித்த பிறகு அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். சாவதற்கு முன்னால் சொல்ல வேண்டியவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்த மட்டில் அவர் நான் கட்டிக்கொண்ட நோர்ப்தான். மீதி வேலையை நான் செய்வது என்று முடிவு பண்ணினேன்.

விழாவன்று காலையில் ஆம்ப்ரோஸிடம் சொன்னேன். "இன்னிக்கு மட்டும் வேண்டாம் அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன்" என்றான். "இன்னிக்கு விட்டா இவங்க எல்லாம் மறுபடி எப்ப ஒண்ணா உக்காருவாங்க?" என்றேன்.

பட்டயம் கொடுத்து, பாட்டுப் பாடி, பழைய அறிவிப்பாளர் கிளீட்டஸ் என் கையில் மைக்கைக் கொடுத்தார். எழுதி வைத்ததை எல்லாம் மறந்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "நோர்ப் மேல நீங்க வச்ச ஆசை பொய்யில்ல. அவர் உங்க மேல வச்சதும் பொய்யில்ல. ஆனா மூணாவது வளைவுல அவரை யாரும் இடிக்கல. ஸ்டீயரிங் தண்டு உடைஞ்சுது. அது அவரே வச்ச வெல்டிங். அவருக்கே தெரியும். இந்த ஊர் ஒரு நல்ல மனுஷனை முப்பது வருஷமா தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கு. நோர்ப் சொல்லாம போனதை அவர் பொண்டாட்டி நான் சொல்றேன்."

டோரீன், தின்பண்டக் கடை அடுப்பில் சாசேஜ் வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "இதைச் சொல்றதுக்கா கூப்பிட்டோம்? மைக்கை வாங்குங்கப்பா!" என்றார். ஆம்ப்ரோஸ் எழுந்து தன் பிக்கப் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். இந்த ஊரில் இனிமேல் நான் எப்படி மளிகைக் கடைக்குப் போவது என்று யோசித்தேன், சிரிக்காதே.

கிளீட்டஸ் மைக்கைத் திரும்ப வாங்கினார். அவர் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. "லுண்டே வந்திருக்கானா?" என்று கேட்டார். வந்திருந்தார். எல்லோரையும் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு, தள்ளி வேலியோரமாக ஒற்றையாக நின்றிருந்தார். "நோர்போட வண்டி ஒரு சுத்து வரணும்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருக்கு. ஓட்டறேன்னு சொன்ன ஆம்ப்ரோஸ் கோச்சுக்கிட்டுப் போயிட்டான். இந்த மாதிரி வண்டி ஓட்டத் தெரிஞ்ச கிழவன் வேற யாரு இருக்கா? வாய்யா!" என்றார் கிளீட்டஸ்.

ஆர்விட் அசையவில்லை. முடிவெட்டுகிற ரேதான் தடியை ஊன்றிக்கொண்டு வேலி வரை நடந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். பந்தய வண்டிக் கதவு வெல்டிங் வைத்து மூடியதாயிற்றே, இரண்டு பேர் அவரை ஜன்னல் வழியாக உள்ளே தூக்கிவிட்டார்கள். வெள்ளை வண்டி புறப்பட்டது. வேகமெல்லாம் இல்லை. தளும்பத் தளும்பப் பால் நிறைந்த பாத்திரத்தைக் கொண்டுபோகிறவர் மாதிரி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வளைவில் அவர் திரும்பும்போது மேல் வரிசையில் யாரோ ஒரு பெரியவர் அந்தக் காலம் மாதிரியே 'ஊ...' என்று ஊளையிட்டார். நான் சட்டென்று மேலே திரும்பிப் பார்த்தேன். உடனே பக்கத்தில் சிரிப்பு. இன்னொருவர் ஊளையிட்டார். அப்புறம் மேடு முழுக்க ஊளை, சிரிப்பு, கைதட்டல், எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்றும் புரியாத குழந்தைகளும் சேர்ந்து கத்தின. ஆர்விட் இறங்கியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. "இந்தத் திடல்ல ஊளை கேக்கலைன்னா எனக்கு என்னவோ மாதிரிதான் இருந்திருக்கும்" என்றார் என்னிடம். சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு அது சிரிப்புதான்.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றுக்கூட ஒருத்தி தபால் நிலையத்தில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும், அவளுக்கும் நாள் வேண்டும்.

ஆம்ப்ரோஸும் நேற்று வந்தான். கதவைத் தட்டவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தான். கசகசா வைத்த கொலாச் பன் சுட்டிருந்தேன், இரண்டு தின்றான். பிறகு, "வண்டி எப்படி ஓடுச்சாம்?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் ஓடுச்சு."

"இடது பக்கம் இழுத்துச்சா?"

"எனக்கு என்ன தெரியும்? ஓட்டினவரைத்தான் கேக்கணும்" என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். "வீட்டுல இருப்பாரா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினான். அவன் வண்டி ஏரிப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். போன இலையுதிர் காலத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஆர்விட்டும் நானும் மீன் வறுவல் சாப்பிட ஒன்றாகப் போகிறோம் என்பது உனக்குத் தெரியும், நான் சொன்ன மாதிரியும் நீ கேட்காத மாதிரியும் நாம் இருந்தோம். விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் என் சமையலறைக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டே, "குளிர்காலத்துக்கு ஜன்னலுக்கெல்லாம் ரெண்டாவது கண்ணாடி மாட்டணும். நான் இங்கேயே இருந்தா வேலை சுலபம்" என்றார். எவ்வளவு நீளமாகப் பேசிவிட்டார் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. நான் யோசிக்கிறேன் என்றேன். நேற்று ஆம்ப்ரோஸ் வண்டி ஏரிப் பக்கம் திரும்பியதும் போனை எடுத்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.

இதற்காகத்தான் மைக்கில் பேசினேன் என்று யாராவது சொல்வார்கள். நீயும் ஒரு நிமிஷம் நினைப்பாய், நினைத்துக்கொள். அவர் என்னைக் கேட்காமலே இருந்திருந்தாலும் நான் பேசியிருப்பேன். அதை உன் அப்பாவுக்காகப் பேசினேன். அவருடைய படம் முன்னறையில் இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆணியை இன்னும் ஆழமாக அடித்துத் தருகிறேன் என்று ஆர்விட் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கல்யாணம். பெரிய விசேஷம் இல்லை, நம் பாதிரியாரும் ஆர்விட்டின் சபைப் பாஸ்டரும் யார் எந்த ஜெபம் சொல்வது என்று பேசி முடித்தால் போதும். நீ வர வேண்டும், டோரீன். அவரை அப்பா என்று கூப்பிட வேண்டாம், அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பேசப் பிடிக்காவிட்டால் பேசவும் வேண்டாம், அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை, உங்களுக்குள் ஒத்துப்போகும். என் பக்கத்தில் வந்து நில், அது போதும். டெஸ்ஸுக்கு இலைகள் சிவந்து கிடப்பதைக் காட்டு.

இங்கே அதற்குள் குளிர் வந்துவிடும். கோட்டு கொண்டுவர மறந்தால் கவலைப்படாதே, உன் பழைய நீலக் கோட்டு அலமாரியில் இருக்கிறது. மாடியில் உன் அறையைத் துடைத்துப் படுக்கை விரித்து வைக்கிறேன். இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அது உன் அறைதான்.

உன் வீட்டில் எல்லோரும் ஆரோக்கியமாக, சிரித்த முகமாக இருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும்.

நீ வரும் வழியைப் பார்த்தபடி,
உன் அம்மா
மார்செல்லா